அலமாரிக்குள் எரிந்த எல்இடி

பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் என்று இனி நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதற்கில்லை. மட்டாஞ்சேரியில் மழைக்காலம் வந்தால் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். அந்தச் சூட்டில் பூஞ்சை அண்டாது. நானே அறுத்து ஆணியடித்த புத்தக அலமாரிக்கும் அப்படியொன்று தேவைப்பட்டது. இந்த மழைக்கும் பூஞ்சை பிடித்தால் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள்.

குண்டு பல்பு பார்க்க லட்சணமாயில்லை என்று எல்இடி பட்டை வாங்கினேன். தட்டுத்தட்டாக ஒட்டி, பிளஸ் மைனஸ் பார்த்து ஒயரைப் பற்றவைத்தேன். உடனே எரிந்தது. மழைக்காலம் முழுக்க அணைக்கவே இல்லை. எல்இடி அவ்வளவாகச் சூடாகாது என்பது, புத்தக முதுகுகளில் பூஞ்சை பூத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, வெளிச்சம் நன்னாத்தான் இருக்கு. பேப்பர்காரன் வந்தா, பூப்பல் பிடிச்சது எதுன்னு தடவிப் பாக்க வேண்டாம்."