பச்சை டிக் வரட்டுங்க

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் டிசைனராக இருந்த பனியன் கம்பெனியில், செக்கிங் முடித்த பீஸுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் இல்லாத பீஸ், முதலாளியே கையில் எடுத்து வந்தாலும் பேக்கிங்குக்குள் நுழையாது. தப்பான பிரிண்டோடு கப்பல் ஏறிய சரக்கு ஒருமுறை திரும்பி வந்ததிலிருந்து அப்படி.

முதலாளி கண்ணில் ஒருநாள் என் கம்ப்யூட்டர் பட்டது. டிசைன் ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தேன். பதிந்த ஃபைலின் மூலையில் பச்சை டிக், பதியாமல் விட்டதில் சிவப்புக் குறி. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதுதானுங்க தம்பி செக்கிங்கு! எல்லா ஃபைலையும் இதுல போட்டுருங்க."

கம்பெனி தொடங்கிய நாள்முதல் செய்த டிசைன் அத்தனையும் சர்வரில் ஒரே ஃபோல்டருக்குள் போயின. பச்சை வராத ஃபைல் வெளியே போகக் கூடாது என்று சட்டமும் போட்டார். அதன்பின் ஃபோல்டரைத் திறந்தால், கம்ப்யூட்டர் எல்லா ஃபைலையும் துருவிப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடும். டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும். டிசைன் சரியா தப்பா என்று டிக்குக்குத் தெரியாது, ஃபைல் மாறவில்லை என்று மட்டும்தான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதில் ஏறியது?

இன்னொரு நாள் மதியம் பிரிண்டிங் யூனிட்டிலிருந்து போன் வந்தது. "ஃபைலு இன்னும் வரலீங்க. இனியும் லேட்டுன்னா பிரிண்ட் அடிக்கிற டேபிளை அடுத்த கம்பெனிக்குக் குடுத்துருவோமுங்க." டேபிள் கைமாறினால் எங்கள் ஆர்டர் கப்பலைத் தவறவிடும். முதலாளியோ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பச்சை வரட்டுங்க" என்கிறார். பொறுமை போய் ஃபோல்டரை மூடி மறுபடி திறக்கிறார். கம்ப்யூட்டர் பாவம், முதலிலிருந்து தொடங்குகிறது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. செட்டிங்கில் போய் டிக்கையே நிறுத்திவிட்டேன். ஃபோல்டர் பட்டென்று திறந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"டிக்கு எங்கீங்க?"

"எடுத்துட்டனுங்கண்ணா. ஃபைலு சரியாத்தான் இருக்குதுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துட்டனுங்க."

"செரி, அனுப்புங்க" என்று எழுந்து போனார்.

அனுப்பப் போன கை நின்றது. பயமாக இருந்தது. ஃபைலைத் திறந்து கலரையும் அளவையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினேன். அப்புறமும் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் யூனிட்டுக்கே போய், முதல் பீஸ் அடித்து முடிக்கும்வரை டேபிளை ஒட்டி நின்றேன். பிரிண்ட் சரியாக விழுந்திருந்தது. நிம்மதியாகத் திரும்பினால், பின்னால் முதலாளி நிற்கிறார்.

"உங்கள நம்பறனுங்க தம்பி," என்றார். "காலுதான் கேக்கலீங்க."