சமையலறைக்குப் போன குழாய்

அந்தப் புறநகரில் அவரைச் சொட்டுக்காரர் என்றால்தான் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடிப்பார். அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரோஸ் நிறம் நீலமாகும் வரை வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை ஏற ஏறத் தண்ணீரில் கடினம் அதிகம் என்று அர்த்தம். "முப்பத்திரண்டு!" என்று அவர் அறிவித்தால், ஏதோ குடும்ப மானமே கப்பலேறியதுபோல வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிப்போகும்.

அந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படி. ஷவரின் துளைகள் ஆறே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். சோப்பு தேய்த்துத் தேய்த்துக் கை ஓயுமே தவிர நுரை வராது. தலை வழுக்கையானவர்கள் எல்லாரும் பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். சொட்டுக்காரருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வீட்டுக்கு வீடு சாஃப்ட்னர் பொருத்துவதுதானே அவர் பிழைப்பு! மணிமணியான பிசின் நிரப்பிய ஒரு தொட்டி, பக்கத்தில் உப்புத் தொட்டி, அவ்வளவுதான் சாஃப்ட்னர். வாரம் ஒருமுறை உப்புத் தண்ணீர் அந்த மணிகளைக் கழுவிவிட்டால், அவை மறுபடி சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பதினெட்டு வருடத் தொழிலில் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிசகியதில்லை. சமையலறைக் குழாயை மட்டும் சாஃப்ட்னரோடு சேர்க்காமல் பழைய தண்ணீரிலேயே தனியாக விட்டுவிடுவார். தொழில் கற்ற இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்த முறையை அவர் மீறியது ஒரே ஒரு வீட்டில், அதுவும் தன் சொந்த வீட்டில்.

"டீ மேல ஆடை மாதிரி என்னவோ மிதக்குது. பாத்திரம் தேச்சு விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்கறீங்க, எனக்கு மட்டும் சுண்ணாம்புத் தண்ணியா?" என்று மனைவி கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக் குழாயையும் சேர்த்துவிட்டார். அன்று அவள் டீ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடமே அவளுக்கு ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள். அழுத்தம் ஏறியது. அறவே நிறுத்தினாள். அப்போதும் ஏறியது. ஒரு மாத்திரை மூன்றானது. சப்பென்ற சோறு தொண்டையில் இறங்காமல், தண்ணீரைக் குடித்துக் குடித்தே விழுங்கினாள்.

"நீங்க எங்கயோ உப்பு சாப்பிடறீங்கம்மா. இப்படியே போனா கிட்னி கைவிட்டுடும்" என்றார் டாக்டர்.

சொட்டுக்காரர் வீட்டையே சல்லடை போட்டுத் தேடினார். அவள் கைப்பையில் ஒரு காலி சிப்ஸ் பாக்கெட் கிடைத்தது. அது மகள் தின்று போட்டது. ஆனால் அன்றைக்கு யார் சொல்வதும் அவர் காதில் ஏறவில்லை.

"சத்தியமா நான் தொடலைங்க."

"அப்ப பிரஷர் தானா ஏறுதா? பொய் சொல்லாத. நாக்கைக் கட்டத் துப்பில்ல" என்று மகள் முன்னாலேயே கத்தினார். மறுநாளிலிருந்து உப்பு ஜாடியைத் தன் ஸ்பேனர் பையில் போட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமும் தவறாமல் அரை மூட்டை உப்பை வீட்டு சாஃப்ட்னரில் கொட்டினார்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் ஒரு நர்சம்மா வீட்டில் வேலை. அவர் குழாய்களை மாட்டிக்கொண்டிருக்க, அந்தம்மா சாஃப்ட்னரோடு வந்த கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கிச்சன் குழாயை ஏன் தனியா விடறீங்க?"

"அதுதாம்மா முறை."

"ஓ, இதனாலயா? சுண்ணாம்பு போற இடத்துல உப்புல இருக்கற சோடியம் வந்து கலந்துடுமாம். பிரஷர் உள்ளவங்க இந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நல்லவேளை, எங்க வீட்டுல எனக்கே பிரஷர் இருக்கு."

அவர் பக்கத்தில் கவிழ்ந்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்த டம்ளரைப் பார்க்கவே அவருக்கு பயமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடினார். சமையலறை இணைப்பை வெட்டி, பழைய தண்ணீரிலேயே திருப்பிவிட்டார். "வால்வு ரிப்பேர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிற வாய்க்கு, இதைச் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் கடத்தினார். கோழை என்றால் கோழைதான், வேறென்ன சொல்வது?

அடுத்த முறை இருவரும் போனபோது டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே! ரெண்டு மாத்திரையை நிறுத்திடலாம். இப்பதாம்மா வாயைக் கட்டியிருக்கீங்க. முதல்லயே கேட்டிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா டாக்டர்" என்றாள். "எனக்கே தெரியாம ஏதாவது தின்னிருப்பேன் போல. இனிமே ஒழுங்கா இருக்கேன்."

செய்யாத குற்றத்தை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். சொட்டுக்காரர் நாற்காலி நகரும் சத்தத்தோடு எழுந்து நின்றார்.

"அவ ஒரு கல் உப்புகூடத் தொடல டாக்டர். குழாய் வழியா நான்தான் குடுத்துட்டிருந்தேன். தெரியாமதான் செஞ்சேன். ஆனா தெரிஞ்சப்புறமும் ரெண்டு மாசமா இவகிட்ட சொல்லல."

என்ன குழாய், என்ன உப்பு என்று டாக்டர் ஏதேதோ கேட்டார். அவர் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும் வரை மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லல" என்றாள்.