எல்லம்மாவுக்குப் போட்ட நாற்காலி

ஷர்மிளா முதன்முதலில் என் அறைக்கு வந்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்றபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆம்பூரில் தலைமையாசிரியராக இருந்து பார்த்தால்தான் என் பாடு தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் உருதும் பள்ளியில் தமிழும் பேசி, சண்டை வந்தால் இரண்டையும் கலந்து திட்டுகிறவர்கள். இதில் மூன்றாவது வேறா என்று எரிந்து விழுந்தேன்.

"ரெண்டு பேசுற பசங்களுக்கு மூணாவது சீக்கிரம் வரும் சார்" என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

குடியாத்தத்துப் பெண். அப்பா தறி ஓட்டுகிறவர். ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் சேர்ந்தவள், ஜப்பானிலிருந்து வருகிறவர்கள் ஷூவைக் கையிலெடுத்து முகம் சுளிப்பதைப் பார்ப்பாளாம். ஏன் சுளிக்கிறார்கள் என்று மட்டும் புரியாதாம். அந்த அவமானம் தாங்காமல் ஞாயிறுதோறும் சென்னைக்கு ரயிலேறிப் போய் மொழியைப் படித்துவிட்டாள். இன்று அந்தக் கம்பெனியில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர். என்ன பிடிவாதம் பாருங்கள்!

வகுப்பு பிடித்துக்கொண்டது. குர்ஷித் என்ற வால் பையன் என்னைப் பார்த்தாலே ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லிக் குனிய ஆரம்பித்தான். எல்லாரையும்விடக் கெட்டிக்காரி ஏழாம் வகுப்புப் பூங்குழலி. ஷர்மிளாவே அசந்துபோவாள்.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைச் சுத்தம் செய்வார்கள், நாமும் செய்வோம் என்று ஷர்மிளா துடைப்பங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மற்றவர்கள் விளையாட்டாகப் புழுதி கிளப்ப, பூங்குழலி மட்டும் ஒழுங்காகப் பெருக்கியிருக்கிறாள். "எல்லாரும் பூங்குழலியைப் பாருங்க, இப்படிப் பெருக்கணும்" என்று ஷர்மிளா மனதாரப் பாராட்ட, வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். பூங்குழலியின் அம்மா எல்லம்மா நகராட்சித் தூய்மைப் பணியாளர் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஷர்மிளா ஒருத்திக்குத்தான் தெரியாது.

திங்கட்கிழமை காலை, வேலை முடிந்த கையோடு, சீருடைகூட மாற்றாமல் எல்லம்மா என் அறைக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நான் தொடப்பம் புடிச்சது போதும் சார். எம் பொண்ணு கைல ஏன் குட்த்தீங்க? அது இனிமே வராது."

வகுப்பை இழுத்து மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகளைப் பெருக்க வைத்தார்கள் என்று பேப்பரில் வந்தால் என் கதி என்ன? போனில் ஷர்மிளாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே எல்லம்மா வீட்டுக்குப் போனாள். மனசு கேட்குமா எனக்கு, நானும் கூடப் போனேன்.

ஜப்பானில் அப்படி, இப்படி என்று அவள் ஆரம்பித்துவிடுவாளோ என்று பயந்தேன். ஆரம்பிக்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்றாள், அழுதாள். எல்லம்மா மனம் இறங்கித் தண்ணீர் கொடுத்தார். ஆனால் பெண்ணை அனுப்பச் சம்மதிக்கவில்லை.

"ஒரு தடவ நீங்களே வந்து பாருங்கக்கா" என்றாள் ஷர்மிளா. "பூங்குழலி தொடப்பத்தத் தொட வேணாம்."

வகுப்பை மூடுவதை நானும் தள்ளிப்போட்டேன். அடுத்த சனிக்கிழமை எல்லம்மா மகளோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். ஷர்மிளா என் அறையிலிருந்த நாற்காலியைக் கேட்காமலேயே தூக்கிப் போய், வகுப்பின் நடுவில் போட்டு அவரை உட்காரவைத்தாள். பூங்குழலி பக்கத்தில் நின்றாள். ஷர்மிளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டிபோட்டுத் தரையைத் துடைக்க, குர்ஷித்தும் மற்ற பிள்ளைகளும் பெருக்கினார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. சும்மா நிற்கக் கூச்சமாகி நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.

எல்லம்மாவுக்கு உட்காரக் கூசியது. யாராவது பெருக்கிக்கொண்டு அருகில் வந்தால் அவர் எழப் பார்த்தார். ஷர்மிளா கையமர்த்தினாள்.

"கூட்ற எடத்துல நான் உக்காந்ததே இல்ல சார்" என்றார் என்னிடம், மெதுவாக.

முடிந்ததும் ஜப்பானிய முறைப்படி ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக் குனிந்தார்கள். பிறகு எல்லாரும் நாற்காலியின் பக்கம் திரும்பி எல்லம்மாவைப் பார்த்துக் குனிந்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஷர்மிளாவிடம் கேட்டார்:

"அடுத்த சனிக்கெழம எத்தினி மணிக்கு அனுப்பட்டும்?"