மரமஞ்சளின் வாலை முதலில் பார்த்தது யார்

மரியபுஷ்பம் போய்விட்டாள்... புதுக்கடை ஊரில் அவள் வீட்டில், இன்று காலையில். அவள் மகள் போன் செய்து சொன்னாள்.

மருந்துக் கம்பெனி லேபில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவளுடைய வெள்ளைக் கோட் போட்டோவை இந்த வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். "மெஷின் குழாயில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்த அக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வாசித்தேன். வயிறு எரிந்தது.

நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே வேலை... கண்ணாடிச் சாமான் கழுவுவது.

மரமஞ்சள் சாறு இருந்த குப்பியைக் கழுவியவர்களுக்குத் தெரியும். மற்ற மூலிகை எல்லாம் சோப்புக்குப் போய்விடும். அந்த மஞ்சள் மட்டும் கண்ணாடியை விடாது. ஆசிட் தண்ணீர் ஊற்றினால்தான் இறங்கும்.

சாற்றில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பெரிய மெஷினில் ஒரு ஸ்டீல் குழாய் உண்டு, ஒரு ஸ்கேல் நீளம்கூட வராது. உள்ளே இருப்பதும் கண்ணாடி வகைப் பொடிதான், மேலே எண்ணெய்ப் பூச்சு மாதிரி ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள் என்று லேபைப் பார்த்துக்கொள்ளும் மேடம் சொல்லுவார். சாற்றை உள்ளே விட்டால் எண்ணெய்ப் பசை உள்ளது அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வரும். மற்றது முந்தி ஓடிவரும். பிரிவது அப்படித்தான்.

வருகிற ஒவ்வொன்றும் பேப்பரில் ஊசி போல ஒரு மேடாக நிற்க வேண்டும். ஒரு மாதம் மரமஞ்சள் மேடு மட்டும் வால் இழுத்துப் பக்கத்து மேட்டோடு ஒட்டிக்கொண்டது. எது எவ்வளவு என்று சொல்ல முடியாமல் மருந்து எல்லாம் குடோனில் தேங்கிக் கிடந்தது. மேடம் பம்பைக்கூடக் கழற்றிப் பார்த்தார்.

மத்தியானச் சோறு நேரத்தில் நான்தான் சொன்னேன்.

"ஏட்டி, மத்ததெல்லாம் நேராத்தான நிக்கி. மஞ்சளுக்கு மட்டும் வாலு. உள்ள பூச்சு தேஞ்சு கண்ணாடி வெளிய வந்திருக்கும். நம்ம குப்பிய பிடிக்க மாதிரி அங்கயும் பிடிக்கு."

அவள் வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

சாயங்காலம் மேடத்திடம் போய்ச் சொன்னது அவள். புதுக் குழாய் வந்தது... வெறும் இடம் தெரியாமல் இடுக்கெல்லாம் பூசி அடைத்த வகை. மாட்டிய அன்றைக்கே இரண்டு மேடும் தனித்தனியாக நின்றன.

அடுத்த வாரம் அவளுக்கு வெள்ளைக் கோட், ஏசி ரூம், உட்கார நாற்காலி. எனக்கு அதே சிங்க்.

"தங்கம், கோவமா ஏட்டி?" என்று வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கென்ன கோவம். கோட்டுல மஞ்சள் படாம பாத்துக்க. அது சீக்கிரம் போவாது."

அந்தக் கோட் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் எதையும் மறக்காதவளுக்கு இதுவும் மறக்க மாட்டேன் என்கிறது... நான் வாலைப் பற்றிச் சொன்ன அன்றைக்குச் சோற்றுப் பாத்திரம் கழுவும்போது அவள் கேட்டாள்.

"வாறியா, ரெண்டு பேருமா மேடத்துட்ட போய்ச் சொல்லுவோம்."

"நீ போ ஏட்டி. தப்பாப் போச்சுன்னா யாரு ஏச்சு கேக்கது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இப்போது அவள் வீட்டு வாசலில் கம்பெனி வேன் நிற்கிறதாம். மேடமும் வந்திருக்கிறாராம். எனக்கு யார் வருவார்களோ...

பஸ் ஏறிவிட்டேன் மரியபுஷ்பம். பெட்டியை மூடும் முன்னே உன் காதில் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அந்த வாலைப் பார்த்தது நான்.

போய் வாட்டீ.