வரக்கூடாது என்று செபித்த வீடு

சகோதரங்களே, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன். ஆனால் வெட்கத்தோடுதான் நிற்கிறேன்.

சண்டைக் காலத்தில் அரிப்பு என்ற எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து தலைமன்னாருக்கு வந்தோம். படகில் இந்தியாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் வீடு வெறுமையாகக் கிடந்தது. "அந்த ஆக்கள் வருமட்டும் இருங்கோ" என்று பங்குச் சுவாமி எங்களை அதில் இருத்தினார். ஊரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. அதனால் சண்டை முடிந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டோம்.

கூரை ஓட்டையை என் கணவர் அடைத்தார். தூர்ந்த கிணற்றை இறைத்தோம். படலையடியில் முருங்கை நட்டேன். அவர்களுடைய மாதா படம் தொங்கிய ஆணியில் எங்கள் அந்தோனியார் படத்தைக் கொழுவினேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள். வருடங்கள் போகப் போக, அது எங்கள் வீடு இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

போன தவக்காலத்தில், வீட்டுக்காரி பிலோமினா அக்கா தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்களை எழுப்பிவிடுவார் என்று பயந்தேன். அந்தோனியாருக்கு நவநாள் பிடித்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? "அவ வரக்கூடாது." முழங்காலில் நின்று, மெழுகுதிரி ஏற்றி, அதைத்தான் கேட்டேன்.

அவர் வந்தார். விதவை, கூட யாருமில்லை. படலையில் நின்று, "தங்கச்சி, உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டார். தன் வீட்டுக்குள் வர என்னிடம் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தடவினார். எனக்குப் பயம் தலைக்கேறியது.

"இவ்வளவு காலமும் திரும்பிப் பாக்காமல் இருந்திட்டு, இப்ப வந்து நிண்டால் நாங்கள் எங்க போறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்தார். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பேசாலையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

வந்தவர் போய்விட்டார், நான் கேட்டதுபோலவே வீடு எங்களிடம் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து என்னால் செபமாலை சொல்ல முடியவில்லை. "எங்கள் பாவங்களை" என்று வரும்போதே மாலையைக் கீழே வைத்துவிடுவேன். சமைத்தால் வாயில் வைக்க முடியாது. கடைசியில் பெரிய வெள்ளியன்று சிலுவையடியில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, வீடு போனால் போகட்டும். அந்த மனுசியின்ர முகத்தைப் பாக்கிற தைரியத்தை மட்டும் தாரும்" என்றேன். அதுதான் நான் மனதார வேண்டிய முதல் செபம்.

மறுநாள் காலை கணவரையும் கூட்டிக்கொண்டு பேசாலைக்கு பஸ் ஏறினேன். "அக்கா, வாங்கோ. உங்கட வீடு. நாங்கள் ஒதுங்கிறம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் அழுதார். பிறகு சொன்னார்: "ஆளில்லாத வீடு செத்துப்போகும் எண்டு எனக்கு அங்க நித்திரையே வராது, தங்கச்சி. ஆரையாவது கொண்டுவந்து அதுக்குள்ள இருத்தும், அடுப்பு எரியட்டும் எண்டு மாதாவிட்ட ஒவ்வொரு நாளும் கேட்டனான். நீங்கள் இருக்கிறதைக் கண்டவுடன எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? அதைச் சொல்லத்தான் வந்தனான்."

என் தலை நிமிரவேயில்லை.

"வளவு பெரிசுதானே. பின்பக்கம் வீடு ஒண்டைக் கட்டுங்கோ. எனக்கும் பேச்சுத்துணை வேணும்" என்றார். அவருடைய தம்பிக்கு அதில் விருப்பமில்லை; சில மாதங்கள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்து எங்கள் கூரைக்குத் தகரம் அடித்துத் தந்தார். அக்கா மீன் கறி வைத்தால் முதல் சட்டி என் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதை வாங்கும்போது என் கை கூசுகிறது. சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கூச்சம் இன்னும் போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை, ஆண்டவருக்கு நன்றி.

சகோதரங்களே, இருக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் அவரை நம்புங்கள், அவர் கைவிடமாட்டார். ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது வரக்கூடாது என்று செபிக்கிறீர்களா? கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த ஆள் எங்கேயோ இருந்து உங்களுக்காகச் செபித்துக்கொண்டிருக்கலாம்.