குறிகட்டுவானிலிருந்து பலாலிக்கு எட்டரை வான்

பெரிய நகரங்களில் ஆட்களை விமான நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயிலின் வேலை; எங்கள் தீவுகளில் அது, இடப்பக்கக் கதவைத் தோளால் இடித்தால் மட்டும் பூட்டுகிற என்னுடைய வெள்ளை வானின் வேலை.

யாரையாவது விமானம் ஏற்றிவிடப் போய், ஏறினவரைவிடக் கூடுதலாகக் களைத்து வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி. மேற்கொண்டு வாசிக்கலாம்.

ஓய்வுபெறும்வரை நான் நூலகத்தில் உதவியாளன். புத்தகத்துக்கு ஓர் இலக்கம், இலக்கத்துக்கு ஓர் இடம் என்று வாழ்ந்து பழகியவன். அதே ஒழுங்கில் ஒரு வானை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். சனத்தை ஏற்றிவரும் மோட்டார் படகுகளான நெடுந்தீவு லோஞ்சும் நயினாதீவு லோஞ்சும் வந்து சேர்ந்தபின், காலை எட்டரைக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வெளிக்கிட வேண்டும். புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம் கடந்து பதினொரு மணிக்குள் பலாலி விமான நிலையம். பயணத்துக்கு முதல்நாளே பட்டணத்துக்கு வந்து, சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துப் படுத்து எழும்புகிற தலைவிதி எங்கள் சனத்துக்கு அதோடு முடிய வேண்டும். இதுதான் திட்டம்.

வான் சங்கம் மூன்று மாதம் ஓடிப் பார்க்க விட்டது. சங்கச் செயலாளர் அனுமதிக் கடிதத்தை நீட்டிவிட்டு, நான் பிடித்த பிறகும் தன் கையை எடுக்காமல் சொன்னார்:

“மூண்டு மாதத்துக்குள்ள ஒருத்தர் பிளேனை விட்டாலும், உம்மட வான் திரும்பவும் கலியாண வீட்டுக்குச் சனம் ஏத்தத்தான்.”

ஒரே ஒரு பயணி

முதல் கிழமை வேலணையிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் ஓர் ஆசனம் கேட்டார். “எத்தனை பேர் அம்மா?” என்று இரண்டு தரம் கேட்டேன். “ஒரு ஆள்தான் தம்பி” என்று இரண்டு தரமும் சொன்னார். வேலணைச் சந்தியில் வானை நிறுத்தினால் பதினேழு பேர் நிற்கிறார்கள். அதில் இருவர் தண்ணீர்ப் போத்தலோடும் ஒருவர் மடக்குக் கதிரையோடும் நின்றார்கள்.

இது வாடகை வான் அல்ல, நேர அட்டவணைப்படி ஓடுவது, ஆசனங்கள் மற்றத் தீவுக்காரருக்கும் உரியவை என்று நூலக விதிமுறைகளை வாசித்துக் காட்டும் குரலில் விளக்கினேன். பயணி என்ற சொல்லுக்கு வரைவிலக்கணமும் சொன்னேன்: கையில் விமான டிக்கெட் உள்ளவர். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

“போறது ஒரு ஆள்தான் தம்பி. மிச்சம் எல்லாம் அழ வந்த ஆக்கள்.”

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். டிக்கெட் உள்ளவர் என் வானில். அழுகிறவர்கள் தங்கள் வாகனத்தில் பின்னால்.

சூசை அண்ணையின் முடிச்சு

என் வானில் சாமான் ஏற்றி இறக்குபவர் சூசை அண்ணை. ஊர்காவற்றுறைக் கடலில் முப்பது வருடம் வலை இழுத்தவர். முழங்கால் சம்மதிக்காததால் தரைக்கு வந்தார். கை மட்டும் இன்னும் கடலில்தான் இருக்கிறது. கூரையில் அவர் ஒரு பெட்டியைக் கட்டினால், வான் கவிழ்ந்தாலும் பெட்டி அசையாது.

நயினாதீவுக் கடைக்காரர் ஒருவரின் அட்டைப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. சூசை அண்ணை பிரியமாக அதைச் சுற்றி நைலோன் கயிற்றால் நாலு கட்டுப் போட்டார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கடைக்காரர் முயன்றார். உத்தியோகத்தர் முயன்றார். இன்னொரு உத்தியோகத்தர் பல்லாலும் முயன்றார். கத்தி கொண்டுவர ஒருவர் போனபோது, கயிறு நல்ல கயிறு, வெட்ட வேண்டாம் என்று கடைக்காரர் மன்றாடினார். கடைசியில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சூசை அண்ணை இரண்டு விரலால் எதையோ தள்ளினார். கட்டு முழுவதும் பாம்புபோலக் கழன்று விழுந்தது. கை தட்டினார்கள். நான் மட்டும் மணிக்கூட்டைக் காட்டிக் கத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது:

“கடலுக்க அவிழாமல் கட்டத்தான் எனக்குத் தெரியும். எயாப்போட்டுக்க அவிழோணும் எண்டால் அதை முன்னமே சொல்லியிருக்கோணும்.”

பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில்

வெளிநாட்டிலிருந்து புங்குடுதீவுக்கு வந்து திரும்பிய இளைஞர் ஒருவர், நல்ல பிள்ளை, எனக்குப் பக்கத்தில் இருந்தார். அல்லைப்பிட்டியில் மாடுகள் வீதியைக் கடக்கும்வரை நின்றபோது கேட்டார், “அங்கிள், இஞ்சை எயாப்போட்டுக்கு ஒரு ரயில் விட்டால் என்ன?” அவருடைய நகரத்தில் நடு ஊரிலிருந்து விமான நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயிலாம். டிக்கெட்டை மெசின் தரும். கதவு தானாகப் பூட்டும். சொன்ன நிமிடத்தில் போய்ச் சேரும். யாரும் யாரோடும் கதைக்கவும் தேவையில்லை.

எனக்கு வாயூறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. கதவு பூட்டுமுன் யாராவது “கொஞ்சம் பொறுங்கோ, மாமா வாறார்” என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “ரயில் போயிடும்” என்றார். எவ்வளவு அழகான வசனம்! பின்னால் இருந்தவர் அவருடைய பெரியம்மா. அவரும் டிக்கெட்காரர்தான், சென்னைவரை. காலையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவர் லேஞ்சியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

“அதுதான் ராசா, அங்கை ஒருத்தரும் வழியனுப்ப வாறேல்லை.”

மீன் தராசு

பொதி நிறை கூடி விமான நிலையத்தில் அவதிப்படாமல் இருக்க, இறங்குதுறையிலேயே நிறுத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். தராசு சூசை அண்ணையுடையது. மீன் நிறுத்தது. பெட்டியைக் கொளுவித் தூக்கினதும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்து, ஏலம் கூறுகிற குரலில் “முப்பத்தி நாலே!” என்று கத்திவிடுவார். ஒருநாள் மீன் வாங்க நின்ற வியாபாரி ஒருவர் சைக்கிளையும் விட்டுவிட்டு ஓடிவந்தார். “என்ன மீன், அண்ணை?” என்றார். “மிளகாய்த்தூள்” என்றார் சூசை அண்ணை.

பெட்டிக்குச் சொந்தக்காரி சென்னை வழியாக லண்டனில் மகளிடம் போகிறவர். நிறை கூடிவிட்டது, எதையாவது குறையுங்கோ என்றேன். பெட்டியைத் திறந்து அரை நிமிடம் பார்த்தார். பிறகு ஆறு சேலையையும் ஒரு குளிர்ச்சட்டையையும் தூக்கித் தங்கச்சியின் கையில் கொடுத்தார்.

“உடுப்பு லண்டனிலையும் விக்கிறாங்கள் தானே.”

முதல் பறப்பு

நெடுந்தீவுக்காரர் ஒருவர் தன் வாழ்நாளில் முதன்முறை விமானத்தில் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன்.

“லோஞ்ச் மாதிரித்தான் தம்பி. ஆனால் ஆடு ஏத்த விடாங்கள்.”

நீலப் பை

மூன்றாம் மாதம், கடைசிக் கிழமை. நெடுந்தீவில் முன்பள்ளி ஆசிரியையான மாலினிக்குச் சென்னையில் கல்யாணம். மாப்பிள்ளை பிரான்சில். விசாக் காகிதங்கள் சரிவர ஆறு வருடம் எடுத்தது. ஆறு வருடமும் தொலைபேசியிலேயே காதலித்து, தொலைபேசியிலேயே கோபித்து, தொலைபேசியிலேயே சமாதானமானவர்கள். வியாழக்கிழமை விமானம், வெள்ளி காலை முகூர்த்தம்.

ஆனால் வியாழக்கிழமை வெளிக்கிட நேரம் சரியில்லை. நல்ல நேரம் புதன்கிழமை காலையில்தான். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் பயணக்காரரின் பையை மட்டும் முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுவது. பை வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மாலினியின் தாயார் புதன்கிழமை முதல் லோஞ்சில், தெரிந்த ஓட்டி ஒருவரிடம், ஒரு நீலப் பையை என் வானுக்குக் கொடுத்தனுப்பினார். பயணம் முழுமையாக இருக்க வேண்டும் என்று கடவுச்சீட்டையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்.

பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். பை தங்க வேண்டியது இன்னொருவர் வீட்டில். சில்லுப் பூட்டிய வானை வீடு என்று எந்தப் பஞ்சாங்கமும் ஒப்புக்கொள்ளாது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பையைப் பின் ஆசனத்தின் கீழ் வைத்தேன்.

வியாழன் காலை மாலினியும் அவளோடு சென்னைக்குப் போகிற தாயாரும் லோஞ்சால் இறங்கி வந்தார்கள். ஆசனத்தின் கீழ் பை இல்லை. வானின் தரையில் விரித்த பாயைத் தூக்கினோம், கூரையில் ஏறினோம். சூசை அண்ணை மெல்ல வாயைத் திறந்தார்.

“நேற்று நாரந்தனைப் பெடியன்ர சாமானோட நான் எல்லாத்தையும் இறக்கினனான்.”

நாரந்தனை ரெஜினா அக்காவின் மகன் முதல்நாள் பயணம் போயிருந்தான். நிறை கூடின பைகளை அழ வந்தவர்கள் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவது வழமை. நீலப் பையும் அதோடு போயிருக்க வேண்டும். தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எட்டரை ஆகியது. மற்ற எட்டுப் பயணிகளும் என்னைப் பார்த்தார்கள். வெளிக்கிட்டேன். மாலினி அழவில்லை. இரண்டு கையாலும் முன் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே வீதியைப் பார்த்தாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

புங்குடுதீவுப் பாலத்தில் நாலாவது தரம் எடுத்தபோது ரெஜினா அக்கா பேசினார். கோயிலுக்குப் போய் வந்தாராம். “ஓம் அண்ணை, ஒரு நீலப் பை கிடக்கு. எங்கட பெடியன் விட்டிட்டுப் போட்டான் எண்டெல்லோ நாங்கள் அழுதுகொண்டிருக்கிறம்!”

வேலணைச் சந்தியில் நிற்கச் சொன்னேன். நாங்கள் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்து ஓட்டோ வந்தது. ரெஜினா அக்கா பையை மடியில் குழந்தைபோல வைத்திருந்தார். மாலினி பாய்ந்து இறங்கினாள். அவளுக்கு முன்னால் தாயார் இறங்கிவிட்டார். கடவுச்சீட்டு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

“பை ராத்திரி எங்கை இருந்தது, பிள்ளை?”

ரெஜினா அக்கா என்னைப் பார்த்தார், சூசை அண்ணையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். “மாதா படத்துக்கு முன்னாலை, அக்கா. மகன்ர எண்டு நினைச்சு மெழுகுதிரியும் கொளுத்தி வைச்சனாங்கள். குறை நினையாதேங்கோ.”

 தாயாரின் நெற்றியில் விபூதி மூன்று குறியாக இருந்தது. அவர் பையை வாங்கி, ரெஜினா அக்காவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“வான் ஒரு வீடோ எண்டு ராத்திரி முழுக்க நித்திரையில்லாமல் கிடந்தனான். வீட்டிலைதான் இருந்திருக்கு. விளக்கும் வைச்சிருக்கிறியள்.”

கடவுச்சீட்டு பட்டுத்துணியில் சுற்றினபடி இருந்தது. மாலினி இப்போதுதான் அழுதாள். கதவைத் தோளால் இடித்துப் பூட்டப் போனால், ரெஜினா அக்கா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். டிக்கெட் உள்ளவர் மட்டும் என்ற விதியை ஞாபகப்படுத்தினேன். “எங்கட வீட்டிலை கிடந்த பை. நான் வராமல் எப்பிடி?” என்றார். அவரையும் உள்ளே வைத்தே கதவை இடித்துப் பூட்டினேன்.

பண்ணைப் பாலத்தில் நான் எப்படி ஓட்டினேன் என்பதைப் பொலிசார் இதை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. பலாலிக்குப் பதினொன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே விட்டார்கள். முதல்நாள் மகனுக்கு அழுத அதே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலப் பழக்கமுள்ள பெண்ணுக்காக ரெஜினா அக்கா அழுதார். தாயும் மகளும் திரும்பித் திரும்பிக் கை காட்டினார்கள். சூசை அண்ணை வானத்தைப் பார்ப்பதுபோல முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். விமானம் மேலே கிளம்பும்வரை நாங்கள் மூவரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை தாலி ஏறிய செய்தி குறிகட்டுவானுக்கு வந்தது. நீலப் பையின் கதை அதற்கு முன்பே சங்கத்துக்குப் போய்விட்டது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தில் கையெழுத்து வைத்து நீட்டினார். இந்தமுறை கையை உடனே எடுத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் பிளேனை விடேல்லை, அதாலை ஓடும். ஆனால் என்ர மனுசி அடுத்த மாதம் திருச்சிக்குப் போறா. அவவின்ர பையையும் அந்த நாரந்தனை வீட்டிலை வைக்க ஏலுமோ எண்டு கேட்டுச் சொல்லும்.”

ஒரு தீவுக்காரரை விமானத்தில் ஏற்ற ஒரு வானும் ஒரு சாரதியும் போதும், அவரை வீட்டிலிருந்து வெளிக்கிடப் பண்ணத்தான் இரண்டு சமயத்துத் தெய்வங்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.