பேச்சியம்மா ஊரை அடக்கிய நாள்

பேச்சியம்மா வாயைத் திறந்தால் கண்டி மஹய்யாவையில் யார் வீட்டிலும் ரேடியோ கேட்காது. நகரத் துப்புரவு வேலைக்காரி அவள். விடியலில் வாவிக் கரைத் தெருவைப் பெருக்கும்போது பஸ் இரைச்சலை மீறிக் கூட்டாளிகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அவள் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது, அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அடுப்பு பற்றும் முன்பே தெரிந்துவிடும். அவளிடம் ஏச்சு வாங்காதவர் எங்கள் வரிசையில் ஒருவரும் இல்லை. அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்னாதவரும் இல்லை.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால், மேட்டில், ஒரு பலாமரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்தரையும் உண்டு. ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே படுத்தெழும்புகிற எங்களுக்குக் காலை நீட்ட அதுதான் இடம். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் பேச்சியம்மா நேரே அங்கேதான் போவாள். கறுப்பையா அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டது அந்த மரத்தடியில். அவன் செத்த பிறகு யாரும் பார்க்காமல் அழ அவள் போனதும் அதே மரத்தடிக்குத்தான்.

அந்த மேட்டை வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பேச்சியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஞானேஸ்வரி வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். கண்டியைச் சுற்றியுள்ள திறந்த வெளிகளில் எது மனிதருக்கு ஆறுதல் தருகிறது என்று அளந்து புள்ளி போடுகிற குழுவில் அவளுக்கு வேலை. நல்ல புள்ளி வாங்குகிற இடங்களில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்றாள். அவள் கையிலிருந்த சத்தம் அளக்கிற கருவி, கைபேசிக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது.

"என்னென்னங்க மிஸ் அளப்பீங்க?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"சத்தம், நிழல், காத்து, கண்ணுக்கு என்ன தெரியுது எண்டது எல்லாம் பாப்பம் அக்கா. பிறகு அதில கொஞ்சநேரம் இருந்து பாத்து, மனம் எப்பிடி இருக்கு எண்டும் புள்ளி போடுவம். சனிக்கிழமை பின்னேரம் வாறன்."

இவ்வளவு சொன்னதில் எங்கள் மகராசி காதில் ஏறியது முதல் சொல் மட்டும்தான். சத்தம்! அன்றிலிருந்து தொடங்கியது எங்களுக்குச் சனியன். வரிசையிலிருந்த சேவல்களையெல்லாம் கூடையில் போட்டு ஆட்டோவில் ஏற்றி, அம்பிட்டியவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். என் தையல் மெஷினுக்குத் தடை. கோயில் பூசாரியிடம் போய், சனிக்கிழமை ஒரு நாளைக்கு மணிக்குள் துணி சுற்றச் சொல்லி நின்றாள். அந்த மனுசன் சாமி கோபிக்கும் என்று பயந்தாலும் பேச்சியம்மாவுக்கு அதைவிடப் பயந்து ஒத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் அவளோடு தினமும் மல்லுக்கு நிற்கிற மூக்காயிகூட, "மேடு போச்சுன்னா நானும்தான் எங்க போய் உக்கார்றது" என்று சமாதானத்துக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் வாயில் ஆளுக்கொரு டொபி, எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள். தன் வாயைத்தான் நம்ப முடியாதென்று பேச்சியம்மா கன்னம் புடைக்க வெற்றிலையை அடக்கிக்கொண்டு, பலாமரத்தடியில் ஒற்றை ஆளாக நின்றாள். நான் ஜன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞானேஸ்வரி சந்துக்குள் வந்தாள். நாலடி நடந்து நின்றாள். பூட்டிய கதவுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேட்டுக்கு ஏறி வரும்போது முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன அக்கா நடந்தது? ஏன் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கினம்? ஊரடங்கோ?"

பேச்சியம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். கருவியைக் காட்டி, 'அளந்துகொள்' என்று கையால் சைகை செய்தாள்.

ஞானேஸ்வரி கருவியைப் பார்க்கவே இல்லை. "சத்தம் இல்லைத்தான். ஆனா இதை நான் அமைதி எண்டு எழுத மாட்டன் அக்கா. சண்டை நேரத்தில ஷெல் விழ முதல் எங்கட ஊர் இப்பிடித்தான் இருக்கும். எனக்கு நெஞ்சு இடிக்குது, நான் போறன்."

ஜன்னலுக்குள் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எங்களுக்கு மட்டும் தெரியாதா? எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்களும் இதே கதவுகளைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் வாயைப் பொத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள்தானே. அந்தக் கண்றாவியை நாங்களே கூட்டிவந்து அவள் முன்னால் வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பேச்சியம்மா வெற்றிலையைத் துப்பினாள். "அடியே மூக்காயீ! கதவத் தொறங்கடி எல்லாரும்! புள்ளைகள வெளிய விடுங்க! மிஸ் பயந்துட்டாங்க!"

அவ்வளவுதான். ஊர் அவிழ்ந்துகொண்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தார்கள். ரேடியோக்கள் போட்டிபோட்டன. பூசாரி துணியை அவிழ்த்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்கிற வேகத்தில் மணியை அடித்தார். சமாதானம் முடிந்துவிட்டதென்று மூக்காயி குழாயடிச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞானேஸ்வரி குடித்தாள், சிரித்தாள், கருவியை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"போச்சுடி," என்று என் காதில் குசுகுசுத்தாள் பேச்சியம்மா. "கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு சத்தமா கணக்கெடுக்கிறா பாரு."

பொழுது சாயும்வரை ஞானேஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் பதறி எழுந்து, கருவியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். மேடு கைவிட்டுப் போனதென்றே நாங்கள் நினைத்தோம். புள்ளிகளை வாசிக்கிற கூட்டத்துக்கு நகரத்துக்குப் போனபோது, பேச்சியம்மா செத்த வீட்டுக்குப் போகிறவள் போலத்தான் சேலை உடுத்தியிருந்தாள்.

கூட்டத் தலைவர் தாளைப் பார்த்துக் குழம்பினார். "மஹய்யாவை மேடு. சத்தத்தில் எல்லா இடத்தையும்விட மோசம். மன ஆறுதலில் எல்லாவற்றுக்கும் முதலிடம். இது எப்படி?"

ஞானேஸ்வரி எழுந்து நின்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் அங்க நித்திரையாப் போனன் சேர். சண்டை முடிஞ்சு இவ்வளவு வருசத்தில, கதவு பூட்டாத இடத்தில எனக்கு நித்திரை வந்தது அண்டைக்குத்தான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த மேட்டில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றார். நான் அழுதுவிட்டேன். பேச்சியம்மா பின்வரிசையில் கதிரைமேல் ஏறாத குறையாக எழும்பிக் கத்தினாள்:

"மிஸ்ஸு! நாளைக்கே வாங்க! பாய் விரிச்சுப் போடுறேன்!"

"ஓம் அக்கா," என்றாள் ஞானேஸ்வரி. "வாறன்."